கல்லூரி வழிகாட்டிப் புத்தகத்தில் ஏமாறும் இடங்கள்

பிளஸ் 2 முடிவுகள் வரும் நேரத்தில் கல்லூரி வழிகாட்டிகளுக்கு ஒரு மவுசு வந்துவிடுகிறது. வாங்க வருபவர்களில் பலர் முதலில் கையில் தூக்கிக் கனம் பார்க்கிறார்கள். தடித்த புத்தகத்தில் விவரம் அதிகம் இருக்கும் என்ற கணக்கு. முகவரி, தொலைபேசி எண், தாளாளர் படம் என்று மாநிலத்தின் எல்லாக் கல்லூரிகளுக்கும் அடுக்கினால் எந்தப் புத்தகமும் தடித்துத்தான் போகும். கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் நிரப்ப உட்காரும் மாணவிக்குத் தாளாளர் படத்தால் ஒரு பயனும் இல்லை.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கல்லூரியின் பக்கத்தைத் திறந்து படியுங்கள். திருப்பரங்குன்றம் பக்கத்து ஆட்கள் தியாகராசர் பொறியியல் கல்லூரியை எடுத்துக்கொள்ளலாம். 1957இல் தொடங்கிய, அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி அது. உதவி பெறும் பாடப்பிரிவுகளோடு சுயநிதிப் பிரிவுகளும் அங்கே நடக்கின்றன. கட்டணம் வேறு வேறு. கலைக் கல்லூரிகளிலும் இதே நிலைதான். அமெரிக்கன் கல்லூரியிலோ லேடி டோக்கிலோ பாத்திமாவிலோ இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னால், மதுரையில் அடுத்த கேள்வி "எய்டெடா, செல்ஃப் பைனான்ஸா?" என்பதுதான். பக்கத்து வீட்டார் கேட்கும் இந்தக் கேள்விக்குக்கூடப் பதில் இல்லாமல், ஒரு கல்லூரிக்கு ஒரே கட்டணத்தை அச்சிட்டிருக்கும் வழிகாட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வரலாம். அதே பக்கத்தில் முதல் பட்டதாரிச் சலுகை, அதாவது குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான கட்டணச் சலுகை பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பொறியியலில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்பவருக்குத்தான் அந்தச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டி இடம் பிடித்த பிறகு இது தெரியவந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

அதிகம் பேர் தடுக்கி விழுவது கட்-ஆஃப் அட்டவணையில், அதாவது கல்லூரியில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணைக் காட்டும் பட்டியலில். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, ஆக 200 என்பது பொறியியலுக்குப் போகும் எல்லோருக்கும் மனப்பாடம். அச்சிட்டிருக்கும் எண் எந்த ஆண்டுக்கு உரியது, எந்தப் பிரிவினருக்கு உரியது என்று பார்ப்பவர்கள்தான் குறைவு. '185' என்று ஒற்றை எண் போட்டிருந்தால் அது பொதுப்பிரிவுக்கா, பிற்படுத்தப்பட்டோருக்கா, பட்டியல் சாதியினருக்கா? அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடங்கள் வேறு தனியாக நிரப்பப்படுகின்றன. இந்த விவரம் இல்லாத அட்டவணையை நம்பினால், மேலூர் அரசுப் பள்ளியில் படித்த பையன் தனக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கல்லூரியைத் தானே பட்டியலிலிருந்து அடித்துவிடுவான்.

ஆண்டு விஷயம் இன்னும் வம்பு. 2021இல் கொரோனாவால் பிளஸ் 2 பொதுத்தேர்வே நடக்கவில்லை. முந்தைய வகுப்பு மதிப்பெண்களையும் செய்முறை, அக மதிப்பீட்டையும் வைத்து மதிப்பெண் போட்டார்கள். அந்த ஆண்டையும் கலந்து 'ஐந்தாண்டுச் சராசரி' என்று ஒரு புத்தகம் போட்டால், அந்தச் சராசரிக்கு அர்த்தமே கிடையாது. வினாத்தாள் கடினமானால் கட்-ஆஃப் இறங்கும், எளிதானால் ஏறும். எனவே கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை எண்ணையும் சேர்த்துத் தரும் புத்தகம்தான் உருப்படியானது. பழைய புத்தகக் கடையில் சல்லிசாகக் கிடைக்கும் வழிகாட்டியில் மொத்த மதிப்பெண் 1,200 என்று இருந்தால் தொடவே வேண்டாம். 2019 பொதுத்தேர்விலிருந்து 600தான். இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: பொறியியல் கலந்தாய்வின் அரசு இணையதளத்திலேயே முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப், கல்லூரி வாரியாக, பாடப்பிரிவு வாரியாக, இட ஒதுக்கீட்டுப் பிரிவு வாரியாக இலவசமாகக் கிடைக்கிறது.

தர முத்திரைகளை மொத்தமாக அள்ளிப் போடும் புத்தகங்களும் உண்டு. நாக் (தேசிய மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழு) தருவது கல்லூரி முழுமைக்குமான தரம். என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரம் பாடப்பிரிவுக்குத்தான், ஒரு கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருந்தால் ஐ.டி.க்கும் இருக்கும் என்று பொருளில்லை. இரண்டுக்கும் காலாவதித் தேதி உண்டு. தேதி இல்லாத 'ஏ பிளஸ்' வெறும் அலங்காரம்.

வழவழப்பான வண்ணப் பக்கங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, அவை விளம்பரம். சிக்கல் கறுப்பு வெள்ளைப் பக்கங்களில்தான்: விளம்பரம் கொடுத்த கல்லூரிக்கு மூன்று பக்கக் கட்டுரையும், கொடுக்காத அரசுக் கல்லூரிக்கு மூன்று வரியும் இருந்தால் அந்தப் புத்தகத்தின் 'சிறந்த பத்து' எப்படித் தயாராகியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். வேலைவாய்ப்பு பற்றிய பகுதியில் ஒரே ஒரு மாணவர் வாங்கிய உச்சச் சம்பளம் மட்டும் இருந்தால், எத்தனை பேர் பதிவு செய்தார்கள், நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன என்பதைக் கல்லூரியில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

'மதுரை' என்ற முகவரியும் கொஞ்சம் இழுபடும். மாவட்ட எல்லையைத் தாண்டி இருக்கும் கல்லூரிகளும் பெயருக்குப் பின்னால் மதுரையைச் சேர்த்துக்கொள்கின்றன. 625 என்று தொடங்கும் அஞ்சல் எண் தேனி மாவட்டத்துக்கும் உண்டு. கல்லூரிக்குப் போக மாட்டுத்தாவணியில் பஸ் ஏற வேண்டுமா, ஆரப்பாளையத்திலா, அங்கிருந்து எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஒரே சாயலில் பெயர் கொண்ட கல்லூரிகள் இருப்பதால் கலந்தாய்வுக்கான கல்லூரி எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும்.

பொறியியலைத் தவிர வேறு படிப்பு வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் இந்தப் புத்தகங்களை வாங்காமலே இருக்கலாம். வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி கெடு. அவை அந்தந்தப் பல்கலைக்கழக அறிவிப்பில் தெளிவாக இருக்கும். கலை, அறிவியல் படிப்புக்கு அரசுக் கல்லூரிகளின் விண்ணப்பம் ஒரே இணையதளத்தில். உதவி பெறும் கல்லூரிகளுக்கும் சுயநிதிக் கல்லூரிகளுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். கோரிப்பாளையத்தில் இறங்கினால் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி, அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம்; கட்டண விவரத்தை அலுவலகத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.