1952 தேர்தல் அட்டவணையில் உங்கள் ஊரைத் தேடிப் படிப்பது எப்படி

சுதந்திர இந்தியாவில் எல்லோரும் வாக்களித்த முதல் சட்டமன்றத் தேர்தலில் உங்கள் ஊர் யாரைத் தேர்ந்தெடுத்தது? பதில் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையில் இருக்கிறது. ஆனால் இன்றைய தேர்தல் முடிவைப் படிக்கும் பழக்கத்தோடு அதைத் திறந்தால் வரைபடத்திலும் கணக்கிலும் தவறு வரும்.

முதலில் கோப்பு. அதன் தலைப்பில் 1952 என்று தேடாதீர்கள். சென்னை ராஜ்யத்தில் வாக்குப்பதிவு 1952 ஜனவரியில் நடந்தது. ஆனால் நாடு முழுவதற்குமான பொதுத்தேர்தல் 1951 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டதால் அறிக்கையில் 1951 என்றே போட்டிருக்கும். மாநிலத்தின் பெயரும் தமிழ்நாடு அல்ல, மெட்ராஸ்.

அடுத்தது, 1952இல் உங்கள் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டம். ஈரோடு கோயம்புத்தூரில், திண்டுக்கல் மதுரையில், புதுக்கோட்டை திருச்சிராப்பள்ளியில். திருத்தணிக்காரர்கள் சித்தூர் மாவட்டத் தொகுதிகளைப் பார்க்க வேண்டும். கன்னியாகுமரி, செங்கோட்டைப் பகுதிகளை மெட்ராஸ் கோப்பில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அவை அன்று திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன, எனவே அந்த மாநிலத்தின் அறிக்கையைத் தனியாக எடுக்க வேண்டும். மறுபுறம், இன்று கர்நாடகத்தில் உள்ள கொள்ளேகால் அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆந்திர மாவட்டங்கள், மலபார், தென் கன்னடம் எல்லாமே இந்த ஒரே பட்டியலுக்குள் அடக்கம். தொகுதியின் பெயர் இன்றைக்கும் அதேதான் என்பதற்காக எல்லையும் அதேதான் என்று எண்ணிவிடாதீர்கள். 1957க்கு முன்பே எல்லாம் மறுவரையறை செய்யப்பட்டுவிட்டது. பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் பழையது, எழுத்துப் பிழைகளும் உண்டு. தேடல் பெட்டியை மட்டும் நம்பாமல் பட்டியலை ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

இனி கணக்கு. மொத்தம் 375 இடங்கள், ஆனால் தொகுதிகள் 309தான். 243 தொகுதிகளில் தலா ஓர் உறுப்பினர், 66 தொகுதிகளில் தலா இருவர். இந்த இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் ஓர் இடம் பட்டியல் சாதியினருக்கோ (62 தொகுதிகள்) பழங்குடியினருக்கோ (4 தொகுதிகள்) ஒதுக்கப்பட்டது. உங்கள் தொகுதிக்கு நேரே இரண்டு வெற்றியாளர்கள் இருந்தால் அது அச்சுப்பிழை அல்ல.

இங்கே ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போட முடியாது. ஒதுக்கீட்டு இடத்தைத் தனியாகவும் பொது இடத்தைத் தனியாகவும் பிரித்துப் போட்டியிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, எல்லா வேட்பாளர்களும் ஒரே பட்டியல், எல்லா வாக்காளர்களும் எல்லோருக்கும் போடலாம். முடிவை இந்த வரிசையில் சரிபாருங்கள்: ஒதுக்கீட்டுப் பிரிவைச் சேர்ந்த வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவருக்கு முதலில் ஒதுக்கீட்டு இடம். அதன்பின் மீதமுள்ள அத்தனை பேரிலும், ஒதுக்கீட்டுப் பிரிவினர் உட்பட, முதலில் நிற்பவருக்கு மற்ற இடம்.

ஓர் உதாரணக் கணக்கு. பொது வேட்பாளர்கள் இருவர் 40,000, 34,000. பட்டியல் சாதி வேட்பாளர்கள் இருவர் 28,000, 20,000. வென்றவர்கள் 40,000 பெற்றவரும் 28,000 பெற்றவரும். 34,000 பெற்றவர் தோற்றார். பட்டியல் சாதி வேட்பாளர்கள் 45,000, 42,000 பெற்றிருந்தால் இரண்டு இடங்களும் அவர்களுக்கே. இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 1957 மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்தின் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் இரு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்கள் வென்றார்கள்; தோற்ற வி.வி.கிரி உச்ச நீதிமன்றம் வரை போயும் முடிவு மாறவில்லை. 1961இல் சட்டம் இயற்றி இரட்டைத் தொகுதிகளையே ஒழித்தார்கள்.

ஆகவே இரட்டைத் தொகுதியில் முதலாமவர் வாக்கிலிருந்து இரண்டாமவர் வாக்கைக் கழித்து ‘வாக்கு வித்தியாசம்’ என்று எழுதாதீர்கள்; பல இடங்களில் இருவருமே வென்றவர்கள். ஒதுக்கீட்டு இடத்துக்கான வித்தியாசத்தை அந்தப் பிரிவுக்குள் மட்டும் பாருங்கள்.

வாக்குப்பதிவு சதவீதத்திலும் இதே சிக்கல். 1,00,000 வாக்காளர்களில் 60,000 பேர் வந்து இரண்டு வாக்கையும் போட்டால் பதிவானவை 1,20,000. அதை வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்தால் 120 சதவீதம் என்று அபத்தமாக வரும். இரண்டு லட்சத்தால் வகுத்தால் 60 வரும், ஆனால் சிலர் ஒரு வாக்கை மட்டும் போட்டிருப்பார்கள் என்பதால் வந்தவர் எண்ணிக்கை அதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். கட்சிகளின் வாக்கு சதவீதத்தையும் இந்த எச்சரிக்கையோடு பாருங்கள்: இரட்டைத் தொகுதியில் இருவரை நிறுத்திய பெரிய கட்சிக்கு ஒரே வாக்காளரின் ஆதரவு இரண்டாகப் பதிவாகும், ஒருவரை மட்டும் நிறுத்திய சிறு கட்சிக்கு ஒன்றாகவே.

செல்லாத வாக்குகளை இன்றைய அர்த்தத்தில் எடுக்கக் கூடாது. அன்று வாக்குச்சீட்டில் முத்திரை குத்தவில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, கம்யூனிஸ்டுகளுக்குக் கதிர் அரிவாள், சோஷலிஸ்டுகளுக்கு ஆலமரம், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை. சீட்டை விருப்பமான பெட்டிக்குள் போட்டால் போதும். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு: ‘மஞ்சள் பெட்டி’ என்று அவர்கள் சொன்னால் அது 1937 தேர்தலில் காங்கிரசுக்கு இருந்த பெட்டி. இரண்டு நினைவுகள் கலந்திருக்கலாம், மெதுவாகப் பிரித்துக் கேளுங்கள்.

கட்சிவாரியாகக் கூட்டிப் பார்க்க விரும்பினால் சரிபார்ப்புக்கான எண்கள் இவை: காங்கிரஸ் 152, கம்யூனிஸ்ட் 62, கிசான் மஸ்தூர் பிரஜா 35, தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19, கிருஷிகார் லோக் கட்சி 15, சோஷலிஸ்ட் 13, காமன்வீல் 6, முஸ்லிம் லீக் 5, பார்வர்டு பிளாக் (மார்க்சிஸ்ட்) 3, ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் 2, ஜஸ்டிஸ் 1, சுயேச்சைகள் 62. பெரும்பான்மைக்கு 188 வேண்டும், எந்தக் கட்சிக்கும் கிடைக்கவில்லை. தி.மு.க.வைத் தேட வேண்டாம், அது 1957இல்தான் முதன்முதலில் போட்டியிட்டது.

முதலமைச்சரின் பெயரையும் இந்தப் பட்டியலில் தேடாதீர்கள். ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீ பிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார், 1952 ஏப்ரல் 10 அன்று பதவியேற்றார். 1954இல் அவருக்குப் பின் வந்த காமராஜரும் இதில் இல்லை. 1952இல் அவர் வென்றது ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில். குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல் பிறகு வந்தது. இடைத்தேர்தல்கள் இந்த அறிக்கையில் சேராது. எனவே ‘1952 முதல் 1957 வரை எங்கள் எம்.எல்.ஏ.’ என்று எழுதுமுன், நடுவில் மரணமோ ராஜினாமாவோ நேர்ந்ததா என்று சட்டமன்ற ஆவணங்களில் பாருங்கள். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்தபோது அவையின் பலம் 231 ஆகக் குறைந்தது. அந்தப் பகுதியின் உறுப்பினர்களுக்குச் சென்னை அவையில் பதவிக்காலம் அன்றோடு முடிந்தது.