மொரீஷியசின் பழைய ரயில் பாதையைச் சிமுலேட்டரில் அமைப்போர் தண்டவாளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியசில் பயணிகள் ரயில் 1956-இலும், சரக்கு ரயில் 1964-இலும் நின்றுபோயின. போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப் மேட்டைக் கடந்து மாஹேபூர் வரை சென்ற மிட்லண்ட் பாதையில் இனி ரயில் ஓட்ட வேண்டுமென்றால் ட்ரெய்ன்ஸ் (Trainz), ஓப்பன் ரெயில்ஸ் (Open Rails) போன்ற, கணினியில் ரயில் ஓட்டும் சிமுலேட்டர்களில்தான் ஓட்ட முடியும். இத்தீவுத் தமிழர்களில் அந்தப் பாதையைத் தாமே அமைத்துப் பார்க்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். ஸ்டேஷனும் கரும்புத் தோட்டமும் எவ்வளவு அழகாக அமைந்தாலும், அடியில் உள்ள தண்டவாளம் தவறாக இருந்தால் அந்தப் பாதையில் யாரும் இரண்டாம் முறை ரயில் ஓட்ட மாட்டார்கள்.

முதல் தவறு கேஜை, அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலத்தை, தேர்ந்தெடுப்பதிலேயே நேர்கிறது. இது சிறிய தீவு, மலைப்பாதை, கரும்பு ஏற்றிய வண்டிகள் என்று எண்ணிப் பலர் குறுகிய பாதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கரும்புத் தோட்டங்களுக்குள் ஓடிய தனியார் பாதைகள் குறுகியவைதாம். ஆனால் 1864-இல் திறக்கப்பட்ட வடக்குப் பாதையும் 1865-இல் திறக்கப்பட்ட மிட்லண்ட் பாதையும் 1435 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. பிளாட்பார இடைவெளி, பாலத்தின் அகலம், வளைவின் ஆரம் ஆகிய அனைத்தும் கேஜை ஒட்டி அமைவதால், இதைப் பின்னால் திருத்துவது ஏறக்குறைய எல்லாவற்றையும் பிரித்து மீண்டும் கட்டுவதாகவே முடியும்.

அடுத்தது, இன்றைய மெட்ரோ எக்ஸ்பிரஸ் தடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து அப்படியே வரைந்துகொள்வது. 2019-இல் தொடங்கிவைக்கப்பட்ட மெட்ரோ பல இடங்களில் பழைய ரயில் தடத்தையே பின்பற்றினாலும், எல்லா இடங்களிலும் அப்படி இல்லை. மெட்ரோவில் ஓடுவது இலகு ரயில். நீராவி எஞ்சினால் திரும்ப முடியாத கூர்மையான வளைவில் அது எளிதாகத் திரும்பும். மெட்ரோ தடத்தின் வளைவுகளைச் சந்தேகத்தோடு அணுகி, பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

மிகவும் கவனம் தேவைப்படுவது ஏற்ற இறக்கத்தில். கடல் மட்டத்தில் உள்ள போர்ட் லூயிஸிலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரமுள்ள கியூர்பிப்புக்கு இந்தப் பாதை ஏறத்தாழ 26 கிலோமீட்டரில் ஏறியது. வகுத்துப் பார்த்தால் சராசரிச் சரிவு 47-க்கு 1, அதாவது 47 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயர்வு, என்று வருகிறது. பலர் இந்தச் சராசரியையே முழுத் தூரத்துக்கும் சீராகப் பரப்பிவிடுகிறார்கள். உண்மையான பாதையிலோ மிகச் செங்குத்தான சரிவு 26-க்கு 1 வரை இருந்தது. தரையின் மேடு பள்ளம் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. அதோடு, நின்ற வண்டி உருண்டுவிடாமலும் மீண்டும் புறப்பட இயலும்படியும் ஸ்டேஷன் இருக்கும் இடத்தை இயன்றவரை சமமாக வைக்க வேண்டியிருக்கிறது. அங்கே ஏறாமல் விட்ட உயரத்தை இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் ஏறித்தான் ஈடுசெய்ய வேண்டும். ஆகவே முதலில் ஸ்டேஷன்களின் உயரங்களை நிர்ணயித்து, பிறகு இடைப்பட்ட சரிவுகளைக் கணக்கிடுவதே சரியான வரிசை.

எண்ணை உள்ளிடுவதிலும் தடுமாற்றம் நேர்கிறது. ட்ரெய்ன்ஸ் சரிவைச் சதவீதத்தில் கேட்கிறது. 26-க்கு 1 என்பது 3.85 சதவீதம், அதாவது 100 மீட்டருக்கு 3.85 மீட்டர் உயர்வு. அதை 2.6 என்று உள்ளிட்டால் எஞ்சின் மிகவும் எளிதாக ஏறிவிடும்; அந்தப் பாதைக்கே உரிய கடினம் மறைந்துவிடும். சமதளத்திலிருந்து 3.85-க்கு ஒரே புள்ளியில் தாவுவதும் கூடாது. அந்த இடத்தில் தண்டவாளம் முறிந்ததுபோல் தெரியும், பெட்டிகளும் குலுங்கும். இடையில் சில புள்ளிகளை வைத்து 1, 2, 3 சதவீதம் எனப் படிப்படியாக ஏற்றினால் அந்த மடிப்பு மறையும்.

உயரத் தரவைக் கண்மூடி நம்புவதும் இதோடு சேர்ந்த பிழையே. செயற்கைக்கோள் வழியாகத் திரட்டப்பட்ட தரவுகளில் பல, மரங்களின் உச்சியையும் கட்டடங்களின் கூரையையும் தரையாகவே கணக்கிட்டிருக்கும். அதன்மேல் தண்டவாளத்தைப் போர்த்தினால் வண்டி அலைமேல் போவதுபோல் ஏறி இறங்கும். போர்ட் லூயிஸை அடுத்துள்ள கிராண்ட் ரிவர் நார்த் வெஸ்ட் பள்ளத்தாக்கில் இந்தக் குறை அப்பட்டமாகத் தெரியும். பாலம் இருக்க வேண்டிய இடத்தில் பாதை ஆற்றுக்குள் இறங்கி மறுகரையில் ஏறும். இரு கரைகளிலும் பாலம் தொடும் புள்ளிகளின் உயரத்தை முதலில் பூட்டிவிட்டு, நடுவில் வேறு புள்ளி எதுவும் வைக்காமல் இணைக்க வேண்டும். மற்ற இடங்களிலும் தண்டவாளத்தின் உயரத்தை முதலில் முடிவுசெய்து, மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் தரையை அதற்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும்; இருப்புப்பாதை அமைத்தவர்கள் மண்வெட்டி கொண்டு செய்த வேலையும் இதுதான்.

வளைவுகளில் ஸ்பிளைன் புள்ளிகளை (தண்டவாளத்தின் போக்கை நிர்ணயிக்க நாம் வைக்கும் புள்ளிகளை) நெருக்கமாகக் குவித்தால் வளைவு சீராகும் என்ற எண்ணம் தவறானது. புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறுக்குமாறாக இருக்கும்போது ஒரே வளைவின் ஆரம் ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தளர்ந்தும் போகும். இரு பக்கமும் உள்ள நேர்ப்பாதைகளை முதலில் இட்டு, நடுவில் சம இடைவெளியில் குறைந்த புள்ளிகளைக் கொண்டு இணைப்பதே நல்லது. இடமிருந்து வலமாகத் திரும்பும் இரட்டை வளைவுகளுக்கு நடுவே ஒரு சிறு நேர்ப்பாதையாவது இருக்க வேண்டும். ஓப்பன் ரெயில்ஸில் தண்டவாளம் பெரும்பாலும் அளவு வரையறுத்த துண்டுகளாக வருவதால் அங்கே தொல்லை வேறு விதமானது: கடைசித் துண்டு பொருந்தாதபோது வலிந்து ஒட்டவைத்தால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி நின்று, வண்டி அங்கே தடம் புரளும்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் விலகிச் செல்வதற்கு லூப் என்னும் பக்கத் தடம் தேவை. அதன் நீளத்தை இரு முனைகளிலும் தடம் பிரியும் பாயிண்ட்களுக்கு இடையே அளப்பது பிழை. பாயிண்டை ஒட்டிய பகுதியில் இரண்டு தடங்களும் நெருங்கியிருப்பதால் அங்கே நிற்கும் பெட்டி பக்கத்து வண்டியில் உரசும். அதைக் கழித்த நீளத்துக்குள் உங்கள் மிக நீண்ட வண்டி அடங்க வேண்டும். லூப் ஸ்டேஷனின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பது படங்களில் தெளிவாக இல்லாதபோது, அந்த ரயிலில் போய்வந்த தாத்தா பாட்டிமார் வீட்டில் இருந்தால் அவர்களைக் கேளுங்கள். ரோஸ் ஹில் போன்ற ஊர்களில் அதை இன்னும் நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கக்கூடும்.

மரமோ வீடோ ஒன்றுகூட வைப்பதற்கு முன்பு, வெறும் தண்டவாளத்தில் மிகக் கனமான வண்டியை இரு திசைகளிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். 1927-இல் இத்தீவுக்காகக் கட்டப்பட்ட கேரட் வகை நீள எஞ்சினின் மாதிரி கிடைத்தால் வளைவுகளைச் சோதிக்க அது மிகவும் பொருத்தமானது. ஏற்றத்தை மட்டும் சோதித்து நிறுத்திவிடக் கூடாது. மேட்டுநிலத்துச் சர்க்கரை மூட்டைகள் துறைமுகத்தை நோக்கி இறங்கியே வந்தன; ஆகவே முழுச் சுமையோடு கியூர்பிப்பிலிருந்து கீழே வரும்போது பிரேக் பிடிக்கிறதா, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி உருளாமல் நிற்கிறதா என்பதையும் பார்த்துத் திருத்திய பிறகே கரும்பு நடத் தொடங்கலாம்.