மொம்மார்த்துக்கு முன்வாசல் வழியாகப் போகாதீர்கள்

பாரிஸுக்கு வருகிற சொந்தக்காரர்களை மொம்மார்த் குன்றுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிப்போய் எனக்கு ஒன்று புரிந்துவிட்டது, முக்கால்வாசிப் பேர் அங்கே ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். ஆன்வேர் மெட்ரோவில் இறங்கி, சாவிக்கொத்தும் காந்த பொம்மையும் விற்கிற கடைகளுக்கு நடுவே இடிபட்டு ஏறி, சாக்ரே கெர் என்கிற வெள்ளைத் தேவாலயத்தின் முன்னால் ஒரு செல்ஃபி, ஓவியர்கள் உட்காரும் சதுக்கத்தில் கொள்ளை விலைக்கு ஒரு காபி, அவ்வளவுதான், மொம்மார்த் பார்த்தாச்சு.

அது வெறும் திண்ணை. வீடு பின்னால் இருக்கிறது. 1860 வரை இது பாரிஸோடு சேராத தனி ஊர், சுமார் 130 மீட்டர் உயரக் குன்றின்மேல் காற்றாலைகள், அடியில் ஜிப்சம் சுரங்கங்கள் (மாவுக்கட்டுக்குப் பயன்படும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இருக்கிறதே, அதற்கான கல்தான்). அந்தப் பழைய ஊரின் சாயல் இன்னும் வடக்குச் சரிவில் மிச்சமிருக்கிறது. அதனால் 12ஆம் லைன் பிடித்து லமார்க் கோலேன்கூரில் இறங்குங்கள். ஸ்டேஷன் வாசலே படிக்கட்டுகளுக்கு நடுவில்தான் திறக்கும். அங்கிருந்து சோல் தெருவில் ஏறினால் 1933இல் நட்ட திராட்சைத் தோட்டம் வரும், அக்டோபரில் அறுவடைத் திருவிழா உண்டு. எதிரே லாப்பான் அஜில் என்ற பழைய பாட்டு விடுதி. இன்னும் கொஞ்சம் ஏறிக் கோர்த்தோ தெருவில் திரும்பினால் மொம்மார்த் அருங்காட்சியகம், ஓவியர் ரெனுவார் குடியிருந்த இடம். அதன் தோட்டத்திலிருந்து திராட்சைக்கொடிகளைப் பார்த்தபடி உட்கார்ந்தால் கீழே ஒரு பெருநகரம் இருப்பதே மறந்துபோகும்.

அபெஸ் ஸ்டேஷன் வழியாக வந்தால் தயவுசெய்து லிஃப்டில் ஏறுங்கள். 36 மீட்டர் ஆழம், பல காலம் பாரிஸ் மெட்ரோவிலேயே இதுதான் மிக ஆழமானதாக இருந்தது. முன்னால் போனவர்களைப் பார்த்து என் சித்தப்பாவும் சுழல் படியில் ஏறிவிட்டார், சுவரோவியங்கள் அழகுதான், ஆனால் வெளியே வந்ததும் பத்து நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்து "இது மலையா, கிணறா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்புறம் கயிறு. தேவாலயப் படிகளின் அடிவாரத்தில் கலர் நூலோடு சிலர் நிற்பார்கள். சிரித்தபடி உங்கள் விரலைப் பிடித்து மளமளவென்று முறுக்கி, மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுவிட்டுக் காசு கேட்பார்கள். கோயிலில் கயிறு கட்டிப் பழகிய நமக்கு யாராவது நூலை நீட்டினால் கை தானாக நீளும், அதுதான் ஆபத்து. கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்காமல் நடங்கள். மூன்று டப்பாவுக்குள் பந்து தேடுகிற ஆட்டத்தையும் வேடிக்கை பார்க்க வேண்டாம், ஜெயிக்கிற ஆளும் அவர்கள் கூட்டாளிதான்.

படம் வரைந்துகொள்ள ஆசையா? தெர்த்ர் சதுக்கத்தில் ஸ்டாண்ட் வைத்து உட்கார்ந்திருப்பவர்கள் மாநகராட்சி அனுமதி பெற்றவர்கள். வரைகிற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் பின்னாலேயே வருகிறவர்களை விட்டுவிடுங்கள். யாராயிருந்தாலும் உட்காருவதற்கு முன்னாலேயே விலை பேசுங்கள்.

சாக்ரே கெர் தேவாலயம் காலை 6.30க்கே திறந்துவிடும், மதியம் வரிசையில் நிற்பானேன்? உள்ளே போகக் காசில்லை, கோபுரத்துக்குத்தான் டிக்கெட், தேவாலயத்துக்குள் படம் எடுக்கக்கூடாது. 1875இல் தொடங்கி 1914இல் கட்டி முடித்த கட்டடம், ஆனாலும் மழை பட்டால் வெளுத்துப்போகிற கல் என்பதால் இன்றும் பளிச்சென்று நிற்கிறது. மூலான் ரூஜ் என்கிற நடன அரங்கை மேலே தேடாதீர்கள், அது அடிவாரத்தில்.

இறங்கும்போது மட்டும் முன்பக்கமாக இறங்குங்கள். ஆன்வேரிலிருந்து 2ஆம் லைனில் இரண்டே ஸ்டேஷன், லாச்சப்பல், ஈழத்தமிழர் கடைத்தெரு. சித்தப்பா அங்கே டீ கேட்டார். "தேத்தண்ணியா அண்ணை?" என்றார் கடைக்காரர். இரண்டு வடையும் சேர்த்துச் சொன்ன பிறகுதான் மனிதருக்குப் படி ஏறிய கோபம் தணிந்தது.