கூலி உயர்ந்த மாதம் கணக்கு இடறாமல் இருக்க

எக்செல்லில் சம்பளம் போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கூலி உயர்ந்ததும் பழைய ரேட் இருந்த கட்டத்திலேயே புது ரேட்டை அடித்துவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்ததில், முந்தைய மாதங்களின் கணக்கும் சேர்ந்தே மாறிவிட்டது. அடியில் புது வரி சேர்த்து, எந்தத் தேதியிலிருந்து என்று பக்கத்தில் எழுதுங்கள்.

மாத நடுவில் உயர்ந்தால் வருகைப் பதிவேட்டை அந்தத் தேதியில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். நாள் கூலி 600 ரூபாய், 16ஆம் தேதி முதல் 650 என்று வைத்துக்கொள்வோம். முன்பு 12 நாள், பின்பு 13 நாள் வேலை. 7,200 + 8,450 = 15,650. மொத்த 25 நாளுக்கும் புது ரேட் போட்டால் 600 ரூபாய் கூடுதலாகப் போய்விடும். ஓவர்டைமும் அப்படித்தான், 10ஆம் தேதி பார்த்த ஓவர்டைமுக்குப் பழைய ரேட்டின் இரட்டிப்புதான்.

முன்தேதியிட்டு உயர்த்தினால் நிலுவையை 'அரியர்' என்று தனி நெடுவரிசையில் காட்டுங்கள். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி நிலுவைக்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் உண்டு, மறக்க வேண்டாம்.

அப்புறம், பலர் சறுக்குவது தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில். ஜூலையில் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000 ரூபாயைத் தாண்டிவிட்டது என்று உடனே பிடித்தத்தை நிறுத்தக் கூடாது. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்பவை பங்களிப்புக் காலங்கள். அந்தக் காலம் முடியும்வரை, அதாவது செப்டம்பர் சம்பளம் வரை, உயர்ந்த முழுச் சம்பளத்துக்கும் 0.75 சதவீதம் பிடிக்க வேண்டும். நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம்.