பிடியரிசியை முதலில் எடுத்து வையுங்கள்

சமைக்கும்போதெல்லாம் அரிசியில் ஒரு பிடியைச் சபைக் காணிக்கையாக எடுத்துச் சேர்ப்பதுதான் பிடியரிசி. உலையில் போட அரிசி அளக்கும்போதே அந்தக் காணிக்கைப் பிடியை எடுத்துவிடுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்றால் மறந்துபோகும். வாரத்தின் முதல் நாளிலேயே வரவுக்குத் தக்கபடி காணிக்கையைச் சேர்த்து வைக்கச் சொல்லித்தான் பைபிளில் அப்போஸ்தலர் பவுலும் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 16:2). என் கைக்கு ஒரு பிடி 50 கிராம் வரும். தினம் இரண்டு பிடி, மாதம் 3 கிலோ.

தரங்கம்பாடிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வண்டு விழும். இறுக மூடும் டப்பாவில் நாலு காய்ந்த மிளகாயும், துணியில் முடிந்த வசம்புத் துண்டும் போடுங்கள். நாம் சாப்பிடும் பொன்னியையே வையுங்கள். வீட்டில் ஒதுக்கிய அரிசியைக் காணிக்கை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நடவு முடிந்து அறுப்புக்குக் காத்திருக்கும் மார்கழியில் கூலி வேலை குறைவு. அந்தக் கூலி வீடுகளுக்கு உதவ, கிறிஸ்துமஸுக்கு முன்பே சபையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். பையில் பெயர் எழுத வேண்டாம்.