மினி பைக்கைப் பனிவண்டியாக மாற்றுவது எப்படி?

பனிக்காலம் வந்தால் கராஜில் முடங்கிவிடும் மினி பைக்குக்கு முன்னால் ஒரு ஸ்கீ, பின்னால் ஒரு டிராக் (வளையமாகச் சுழலும் ரப்பர் பட்டை) மாட்டினால் பனியில் ஓடும். வெல்டிங் தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்லும் கணக்கெல்லாம் 196 சிசி, 6.5 குதிரைத்திறன் இன்ஜினும் சென்ட்ரிஃபியூகல் கிளட்சும் (இன்ஜின் வேகம் ஏறினால் தானாகப் பிடிக்கும் கிளட்ச்) உள்ள சாதாரண மினி பைக்குக்கு.

முதலில் டிராக். இதை மட்டும் சொந்தமாகச் செய்யப் போகாதீர்கள். கனடாவின் கியூபெக்கில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1922-ல், 15 வயதில் செய்த முதல் பனிவண்டியில் டிராக்கே கிடையாது. ஃபோர்டு மாடல் டி இன்ஜினால் பெரிய விசிறியைச் சுழற்றி ஓட்டினார். ஸ்ப்ராக்கெட்டும் (பற்சக்கரம்) டிராக்கும் சேர்ந்த அமைப்புக்கு அவர் காப்புரிமை வாங்கியது 1937-ல். அவருக்கே அத்தனை வருஷம் பிடித்த வேலை. பழைய ஸ்னோமொபைலிலிருந்து (கம்பெனிப் பனிவண்டி) டிராக்கையும் அதை ஓட்டும் ஷாஃப்ட்டையும் ஜோடியாகவே வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் பல் பொருந்தாது. 38 செ.மீ. அகலம், 307 செ.மீ. சுற்றளவு, 6.4 செ.மீ. பிட்ச் (பல்லுக்குப் பல் இடைவெளி) உள்ளது பரவலாகக் கிடைக்கும்.

அடுத்து டிராக்கைத் தாங்கும் சட்டம் (ஃபிரேம்). பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, 25 மி.மீ. சதுரக் குழாயில் இரண்டு பக்கச்சட்டங்கள் செய்யுங்கள். டிராக்கை ஓட்டும் 8 பல் ஸ்ப்ராக்கெட்டின் சுற்றளவு 51 செ.மீ. பின்னால் போடும் சக்கரமும் அதே அளவு என்றால், 307-இல் 51 போக மீதியில் பாதி, அதாவது 128 செ.மீ., இரண்டு அச்சுகளுக்கும் இடையே வரும். பின் அச்சை முன்பின் நகர்த்த நீளத் துளையும் இழுபோல்ட்டும் வையுங்கள். அடியில், ஸ்னோமொபைலில் டிராக் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டைக்குப் பதில் சிறு சக்கரங்கள் போதும். அந்தப் பட்டைக்குப் பனிதான் மசகு. வெறும் தரையில் ஓடினால் சூடேறி உருகிவிடும்.

இப்போது செயின். நான் கோட்டைவிட்டது இங்கேதான். பைக்கில் இருந்த 6:1 விகிதத்தை (இன்ஜின் ஆறு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று) அப்படியே வைத்து ஓட்டினேன், பத்தே நிமிடத்தில் கிளட்ச் புகைந்துவிட்டது. டிராக்கைச் சுழற்றுவது டயரைச் சுழற்றுவது போலில்லை. இன்ஜின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே எரியும். நடுவில் ஒரு ஷாஃப்ட் போட்டு இரண்டு கட்டமாகக் குறையுங்கள்: 10 பல்லிலிருந்து 40, பிறகு 12-லிருந்து 30. மொத்தம் 10:1. இன்ஜின் நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றும்போது மணிக்குச் சுமார் 11 கி.மீ. வரும். குறைவுதான், ஆனால் ஏறாத மேடெல்லாம் ஏறும். பின்சக்கரத்தோடு பிரேக்கும் போய்விட்டதால், டிஸ்க்கை இந்த நடு ஷாஃப்ட்டில் மாட்டிவிடுங்கள்.

முன்னால் ஃபோர்க்கில் சக்கரத்தின் இடத்தில் பழைய ஸ்கீ. மூக்கு கீழே குத்தாமலிருக்க ஒரு ஸ்பிரிங், அடியில் நீளவாக்கில் ஓர் இரும்புக் கம்பி. கம்பி இல்லையென்றால் ஹேண்டில்பார் திரும்பும், வண்டி நேராகப் போகும்.

அப்புறம் டிராக்கை நேர் பார்ப்பது. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். பின்னால் யாரும் நிற்கக் கூடாது, கல் ஒன்று சிக்கினால் குண்டு மாதிரி வரும். டிராக் இடப்பக்கம் ஒதுங்கினால் இடப்பக்க போல்ட்டைக் கால் திருப்பு இறுக்குங்கள், வலம் என்றால் வலப்பக்கம். டிராக்கின் கீழ்ப்பகுதியை நடுவில் 7 கிலோ அளவுக்குக் கீழே இழுத்தால் 3-4 செ.மீ. தொய்ய வேண்டும். கையில் கட்டும் இன்ஜின் அணைப்பு ஸ்விட்சும், செயின்களுக்கு மூடியும், டிராக்குக்குப் பின்னால் தடித்த ரப்பர் மடலும் இல்லாமல் ஏறி உட்காராதீர்கள்.

முதல் ஓட்டம் சொந்த நிலத்தில், சமதரையில் இருக்கட்டும். உறைந்த ஏரிப் பக்கம் வேண்டாம். அரை மணி நேரம் ஓட்டியதும் செயின்களைத் திரும்ப இறுக்குங்கள், புதுச் செயின் நீளும். வீடு வந்ததும் டிராக்குக்குள் அடைந்த பனியைத் தட்டிவிட்டு, பலகை மேல் நிறுத்துங்கள். இல்லையென்றால் மறுநாள் டிராக் தரையோடு உறைந்து கிடக்கும். தெரியாமல் ஆக்சிலேட்டரைத் திருகினால் முதலில் போவது கிளட்ச்தான்.