சென்னை மழைக்குப் புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன மே மாதம், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த திருப்பூர்த் தம்பி ஒருவர் கைபேசியில் வீட்டுப் படங்களைக் காட்டினார். வேளச்சேரியில் தரைத்தளம், இரண்டு படுக்கையறை, வாடகையும் குறைவு. “தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை என்று புரோக்கர் சொல்லிவிட்டார், அண்ணா” என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2015 மே மாதத்தில் இதே வார்த்தையை நம்பித்தான் தாம்பரம் அருகே முடிச்சூரில் முன்பணம் கொடுத்தேன்.

டார்ச், மெழுகுவத்தி, பிஸ்கட் வாங்கி வைக்கச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் தெரியாமலே போய் விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

“தண்ணீர் வருமா?” என்று மட்டும் கேட்டு வீடு பிடிப்பது

நான் கோயம்புத்தூர்க்காரன். எங்கள் ஊரில் வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வியே, சிறுவாணித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பதுதான். அதையே இங்கும் கேட்டேன். கோடைக்காலச் சென்னையில் தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர். புரோக்கர் அதற்குத்தான் பதில் சொன்னார். வீட்டுக்காரர் கிணற்று மூடியைத் திறந்தே காட்டினார். 10 அடியில் தண்ணீர் கிடந்தது. மே மாதத்திலேயே 10 அடியில் தண்ணீர் நிற்கிற மண், டிசம்பரில் எவ்வளவு மழையை உறிஞ்சும் என்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

டிசம்பர் 1 அன்று தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. இரவில் வாசற்படியைத் தொட்ட தண்ணீர், விடிவதற்குள் கட்டில் சட்டம் வரை ஏறிவிட்டது. பீரோவின் கீழ்த்தட்டில் அம்மாவின் பட்டுப்புடவைகளும் என் சான்றிதழ்களும் இருந்தன. மொட்டை மாடியில் இரண்டு நாள் கழித்துவிட்டு இறங்கி வந்து பார்த்தபோது, புடவைச் சாயம் இறங்கிப் பட்டச் சான்றிதழ் முழுக்க அரக்கு நிறம்.

இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஒன்றுதான். எல்லாம் கண்ணெதிரே இருந்தது. வெளிச்சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பெயின்ட். மின் மீட்டர் பெட்டி தலைக்கு மேலே. பக்கத்து வீட்டு வாசல்களில் முழங்கால் உயரத்துக்குத் தடுப்புச்சுவர். தெருவிலிருந்து வீட்டுக்குள் இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனதில் வீடு பள்ளமாகிவிட்டது. அத்தனையையும் பார்த்தேன், ஒன்றைக்கூட ஏன் என்று கேட்கவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “2015-இல் வெள்ளம் எதுவரை நின்றது? 2023 மிக்ஜாம் புயலில் எதுவரை?” வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள், பெட்டிக்கடையில் கேளுங்கள். ஊர்ப் பெயரையும் கவனியுங்கள். ஏரி என்பது எல்லோருக்கும் புரியும்; தாங்கல் என்பதும் சிறிய ஏரிதான். அப்படிப் பெயருள்ள இடமெல்லாம் மூழ்கும் என்று சொல்லவில்லை. உங்கள் தெரு பழைய கரையில் இருக்கிறதா, நீர் நின்ற பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

தம்பியை அந்த ஞாயிற்றுக்கிழமையே அழைத்துப் போனேன். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார், ஒன்றும் பேசாமல் கையை மார்புக்கு நேரே வைத்துக் காட்டினார். கொடுத்திருந்த முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. போனால் போகட்டும்.

புயல் எங்கே கரையைக் கடக்கிறது என்று மட்டும் பார்ப்பது

மிக்ஜாம் 2023 டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. சென்னை மூழ்கியதோ அதற்கு முந்தைய இரண்டு நாட்களில். கரையை ஒட்டியே மெதுவாக ஊர்ந்து போகும் புயல், கடந்து போகிற வழியெல்லாம் கொட்டித் தீர்த்துவிடும். “ஆந்திராவுக்குத்தானே போகிறது” என்று காரைத் தரைத்தள நிறுத்தத்தில் விட்டுவிட்டுத் தூங்கிய நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். வேளச்சேரிக்காரர்கள் மழை அறிவிப்பு வந்ததும் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்துவதைப் பார்த்துப் புதியவர்கள் வியக்கிறார்கள். வியக்காதீர்கள், நீங்களும் கொண்டுபோய் நிறுத்துங்கள். வானிலை மையத்தின் சிவப்பு எச்சரிக்கை என்றால் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்யலாம் என்று பொருள்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்

சாவியைத் திருப்பாதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

காற்று நின்றதும் வெளியே போவது

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் கண், அதாவது அதன் அமைதியான நடுப்பகுதி, நகருக்கு மேலாகக் கடந்தபோது காற்று சட்டென்று அடங்கியது. கண் நகர்ந்ததும் எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் அடிக்கும். ஏற்கெனவே ஒரு பக்கம் ஆட்டம் கண்ட மரம் அப்போதுதான் விழும். பால் வாங்க அந்த நேரத்தில் இறங்காதீர்கள்.

வெள்ளம் வடிந்ததும் மோட்டார் போடுவது

நம் ஊர்க்காரர்களுக்கு மேல்நிலைத் தொட்டி தெரியும். இங்கே தரைக்கடியில் இருக்கும் தொட்டியான சம்ப்பில் சாக்கடையும் புகுந்திருக்கும் என்பது தோன்றாது. மோட்டார் போட்டால் அந்த நீர் மாடித் தொட்டிக்கும் ஏறிவிடும். நான் மூன்றாம் நாளே போட்டேன். மறுவாரம் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு, நான்கு நாள் மருத்துவமனை. சம்ப்பை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, பிறகு மாடித் தொட்டியையும் அப்படியே செய்யுங்கள். அதுவரை குடிக்கக் கேன் தண்ணீர்தான். பல் தேய்க்கவும் அதுவே.